எழுபது என்று எழுதிய சீட்டு

மே 9, திங்கள்

இந்த டைரியைப் பொங்கலுக்குக் கம்பெனியே கொடுத்தது. நான்கு மாதமாக வெள்ளையாகக் கிடந்தது. இன்று யாரிடமாவது கத்த வேண்டும்போல் இருக்கிறது. அதற்கு வழியில்லை, எழுதுகிறேன்.

காலை பத்து நாற்பதுக்கு இரண்டாம் தொட்டி பொங்கிச் சீறியது. குக்கர் விசில் போகிற மாதிரி ஒரு சத்தம், அதற்கு மேல் ஒரு மனிதச் சத்தம். லேபிலிருந்து ஓடினேன். தனகோட்டி தொட்டி மேடையிலிருந்து தானே இறங்கி வந்து ஷவருக்கு அடியில் நின்றுகொண்டிருந்தார். முகத்துக்குத் தடுப்பு போட்டிருந்தார். சூடான ஆசிட் அதற்குக் கீழ் வழியாக ஏறியிருக்கிறது. இடது கண், கழுத்து, இரண்டு முன்கை. அவர் கையை என் கையால் பிடித்து இருபது நிமிஷம் தண்ணீருக்கு அடியில் வைத்திருந்தேன். என் புடவை முந்தானை பொத்தல் பொத்தலாக ஆனது. அவர் கத்தவில்லை. "மேடம், கண்ண தொறக்கட்டா, மூடட்டா?" என்று மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தார்.

முப்பத்தாறு வயது. ஏழு வருஷமாக காண்ட்ராக்டில் லோடு ஏற்றுகிற ஆள். இரண்டாம் தொட்டியை எப்போதும் பார்த்துக்கொள்ளும் வரதன் தங்கை கல்யாணத்துக்கு லீவு போட்டதால், இன்று காலைதான் அவரை அங்கே ஏற்றினார்கள்.

வேலூருக்கு வண்டி போனது பதினொன்றரைக்கு. மூன்று மணிக்கு நோட்டீஸ் போர்டில் தாள் ஒட்டியாகிவிட்டது: "பாதுகாப்பு விதியை மீறி, ஆசிட்டில் தண்ணீரை ஊற்றிய தொழிலாளியின் கவனக்குறைவால் விபத்து." மேனேஜர் ரகோத்தமன் கையெழுத்து. அந்த மனிதரின் கண்ணை டாக்டர் இன்னும் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டார். அதற்குள் குற்றவாளியைக் கண்டுபிடித்து, டைப் அடித்து, நான்கு மூலையிலும் டேப் ஒட்டி முடித்துவிட்டார்கள்.

மே 10, செவ்வாய்

தெருக்குழாயில் தண்ணீர் வரவில்லை. தனகோட்டிக்கு இடது கண் போய்விட்டது.

மே 11, புதன்

இன்று எல்லாத் தொழிலாளர்களையும் ஷெட்டில் நிறுத்தி என்னை வகுப்பெடுக்கச் சொன்னார்கள். ஆசிட்டைத்தான் தண்ணீரில் விட வேண்டும், தண்ணீரை ஆசிட்டில் விடக் கூடாது. மூன்று தடவை சொல்லவைத்தார் ரகோத்தமன். கடைசியில் அவரே முன்னால் வந்து, "இத மறந்தா தனகோட்டி கதிதான்" என்றார். அறுபது பேர் தலையாட்டினார்கள். எனக்கு உடம்பு எரிந்தது. பதினாறு வருஷம் கெமிஸ்ட்டாக இருந்து, ஒரு பொய்க்குப் பாடம் நடத்தியிருக்கிறேன்.

பொய் என்று ஏன் சொல்கிறேன் என்பதைச் சாப்பாட்டு நேரத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

பேட்டரிக்கு ஊற்றும் ஆசிட் தயாரிக்கிறோம். டேங்கர் லாரியில் வருவது தொண்ணூற்றெட்டு சதவீத சல்ஃப்யூரிக் ஆசிட். தண்ணீரோடு சேர்ந்தால் அது தன்னிடமுள்ளதையெல்லாம் வெப்பமாகக் கொட்டும். அந்த வெப்பத்தின் பெரும்பகுதி, முதலில் சேரும் கொஞ்சம் தண்ணீரிலேயே வெளியே வந்துவிடும். அதனால்தான் முதல் தொட்டியைச் சுற்றிக் குளிர்நீர்க் குழாய் ஓடுகிறது. அங்கே எழுபது சதவீதமாக இறக்கி, ஆறவைத்து, கேனில் பிடித்து, இரண்டாம் தொட்டிக்கு அனுப்புவோம். அங்கே ஐந்து கேனைத் தண்ணீரில் விட்டு முப்பத்தேழு ஆக்குவார்கள். இரண்டாம் தொட்டிக்குக் குளிர்நீர் கிடையாது, தேவையும் கிடையாது. வெப்பம்தான் ஏற்கெனவே போய்விட்டதே.

எழுபது சதவீத ஆசிட்டைத் தண்ணீரோடு எந்த விகிதத்தில் கலந்தாலும், எதை எதில் ஊற்றினாலும், இருபத்தாறு டிகிரிக்கு மேல் சூடு ஏறாது. முப்பத்திரண்டு டிகிரித் தண்ணீர் ஐம்பத்தெட்டாகும். கை சுடும். கொதிக்காது. இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன், அதே விடைதான். தனகோட்டி தலைகீழாகவே ஊற்றியிருந்தாலும் அந்தத் தொட்டி பொங்கியிருக்க முடியாது.

கேனில் இருந்தது எழுபது அல்ல.

மே 13, வெள்ளி

ஒவ்வொரு தொட்டியிலும் வெப்பத்தைப் பதிவு செய்ய வட்டமான தாள் ஒன்று சுற்றிக்கொண்டிருக்கும். ஒரு பேனா தானாகவே அதில் கோடு போடும். வாரம் முடிந்தால் தாள் லேபுக்கு வரும். இந்த வாரம் அதுவரை பொறுக்காமல் நானே போய்க் கழற்றி எடுத்துக்கொண்டேன்.

நான் மேஜைக்குத் திரும்பிய பத்தாவது நிமிஷம் ரகோத்தமன் வந்தார். மரியாதையான மனிதர், குரலை உயர்த்தவே மாட்டார். அதுவே எரிச்சலாக இருக்கிறது.

"சுகிர்தா மேடம், ரெண்டாவது டேங்க் சார்ட் உங்ககிட்ட வந்துதா?"

"இன்னும் பாக்கல சார்."

"வந்தா நேரா என்கிட்ட குடுங்க. ஹெட் ஆபீஸ்ல கேக்கறாங்க."

தாள் அப்போது என் சாப்பாட்டுப் பையில் டப்பாவுக்கு அடியில் இருந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து பீரோவில் வைத்திருக்கிறேன். பேனா நூற்றுப் பதினெட்டு டிகிரி வரை போய், அங்கே கிறுக்கிவிட்டு நிற்கிறது.

முதல் தொட்டியின் குளிர்நீர் பம்ப் எரிந்துபோனது ஏப்ரல் பதினாறு. இன்றுவரை மாற்றவில்லை. ஆறவைக்க வழியில்லாமல் எழுபதை எப்படித் தயாரிப்பது? வெளியிலிருந்து எழுபதாகவே வாங்கிக்கொள்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். நம்பத்தானே வேண்டும். இப்போது தெரிகிறது, தொண்ணூற்றெட்டை அப்படியே கேனில் பிடித்து, எழுபது என்று சீட்டு ஒட்டி மேடைக்கு ஏற்றியிருக்கிறார்கள். வரதனுக்கு மட்டும் வாயால் சொல்லிவைத்திருப்பார்கள், பாதி கேனை விடு, மெதுவாக விடு என்று. தனகோட்டிக்கு யார் சொன்னது? அவர் சீட்டைப் படித்தார், சுவரில் ஒட்டியிருந்த அளவைப் படித்தார், அதன்படி ஊற்றினார். படிக்கத் தெரிந்ததுதான் அவர் செய்த குற்றம்.

எவ்வளவு துணிச்சல் இவர்களுக்கு.

மே 15, ஞாயிறு

கோயில் முடிந்து நேராக வேலூர் போனேன். ஐசக் வரவில்லை, பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் பயிற்சி முகாமாம். ஐசக் என் கணவர், உடற்பயிற்சி ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமைகூடப் பையன்களை ஓடவிடாவிட்டால் தூக்கம் வராது.

தனகோட்டி மருந்து மயக்கத்தில் இருந்தார். அவர் மனைவி அமுலு வராந்தாவில் உட்கார்ந்திருந்தாள். முன்பு சுண்ணாம்புக் காளவாயில் வேலை செய்தவளாம், விரல் நுனியெல்லாம் தோல் தடித்திருந்தது.

"இன்னா மேடம், ஆசிட்ல தண்ணி ஊத்திட்டாருன்னு எல்லாம் சொல்லிக்கினு கீறாங்க. தண்ணி பட்டா கொதிக்குமா அது?"

"கொதிக்கும். சுண்ணாம்புக் கல்லுல தண்ணி ஊத்துனா பொங்குமில்ல, அந்த மாதிரி."

"அது எனுக்குத் தெரியும். ஆனா நீத்துன சுண்ணாம்புல எம்மாந் தண்ணி ஊத்துனாலும் பொங்காது. அது ஏற்கனவே குடிச்சிருச்சு."

நான் அவளையே பார்த்தேன். ஒரு தாள் முழுக்கக் கணக்குப் போட்டு நான் கண்டுபிடித்ததை இவள் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிட்டாள். எழுபது என்பது நீற்றின ஆசிட் மாதிரி, அது பொங்காது என்றேன்.

"அப்ப கேன்ல இருந்தது பச்ச ஆசிட்டு."

"ஆமா."

"மேல இன்னான்னு எழுதியிருந்துச்சு?"

"எழுபதுன்னு."

"அப்ப நீத்துனதுன்னு பொய்யா எழுதி ஒட்டுனது யாரு மேடம்?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. ஆரஞ்சுப் பையை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

மே 16, திங்கள்

தலைவலி. இரண்டு பக்கெட் துணி துவைத்தேன். மெஷின் இருக்கிறது, ஆனாலும் கையால் துவைத்தேன்.

ஐசக்கிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "கேன்ல ஒட்டுற சீட்டு உன் லேப்லேர்ந்துதானே போவுது?" என்றார். கட்டின மனைவியிடம் போலீஸ்காரன் மாதிரி ஒரு கேள்வி. பம்ப்பை மாற்றாதவனை விட்டுவிட்டு, நோட்டீஸ் ஒட்டியவனை விட்டுவிட்டு, என்னைக் கேட்கிறார். சமையலறை ஃபேன் ஒரு மாதமாகக் கிறீச்சிடுகிறது, அதற்கு எண்ணெய் விட இவருக்கு நேரமில்லை.

மே 18, புதன்

சென்னை ஹெட் ஆபீஸிலிருந்து பாதுகாப்பு அதிகாரி என்று ஒருவர் வந்தார். காலை பதினொன்றுக்கு வந்து ஒன்றரைக்குப் போய்விட்டார், நடுவில் பிரியாணி. மேடையில் ஏறவில்லை. முடிவு: தொழிலாளி முறையை மீறினார்.

பொறுக்கமுடியாமல் என் கணக்குத் தாளை எடுத்துக்கொண்டு ரகோத்தமன் அறைக்குப் போனேன். முழுவதையும் படித்தார். தவறு ஒன்றும் சொல்லவில்லை. அலமாரியிலிருந்து ஒரு ஃபைலை எடுத்து என் பக்கம் திருப்பி வைத்தார். ஏப்ரல் பதினெட்டிலிருந்து மே ஒன்பது வரை, வேலை நாள் பத்தொன்பது, பத்தொன்பது சீட்டு. ஒவ்வொன்றிலும் "எழுபது சதவீதம், சோதிக்கப்பட்டது." ஒவ்வொன்றிலும் என் கையெழுத்து, சு. தேவசகாயம்.

"நீங்க நல்லா வேலை செய்றவங்க மேடம். இதுல உங்க பேரு எங்கயும் வராம நான் பாத்துக்கறேன்."

ஆறுதல் சொல்வது போலச் சொன்னார். "தேங்க்யூ சார்" என்றேன். என் வாயிலிருந்து அது வந்ததை இப்போது எழுதும்போதுகூட நம்பமுடியவில்லை.

மே 19, வியாழன்

லீவு போட்டேன்.

எழுதாமல் விட்டதை எழுதுகிறேன். சீட்டு எழுதுவது என் வேலை. தினமும் காலை ஒரு கேனிலிருந்து மாதிரி எடுத்து, சோதித்து, சதவீதத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். பம்ப் எரிந்த பிறகு வந்த முதல் திங்கட்கிழமை ரகோத்தமன் லேபுக்கு வந்து, "வெளியிலேர்ந்து எழுபதே வாங்கிக்கறோம் மேடம், சீட்டு வழக்கம்போலப் போகட்டும்" என்றார். வாங்குகிற பொருளுக்கு வாங்கின இடத்தில் சான்று இருக்குமே என்று நினைத்துக்கொண்டேன். பத்தொன்பது நாளும் சோதிக்காமல் கையெழுத்துப் போட்டேன். ஒன்பதாம் தேதி காலை எட்டு ஐம்பதுக்கும் போட்டேன். அந்தச் சீட்டைத்தான் தனகோட்டி படித்தார்.

ஆனால் சொன்னது அவர். ஏமாற்றியது அவர். என்னையும் சேர்த்துத்தான் ஏமாற்றியிருக்கிறார்.

மே 24, செவ்வாய்

வேலைக்குப் போகிறேன், வருகிறேன். மாதிரி எடுக்கிறேன், சோதிக்கிறேன். புது பம்ப் வந்து மாட்டிவிட்டார்கள். ஒரு மாதமாகக் கிடைக்காத பம்ப், ஒரு கண் போன பிறகு இரண்டே வாரத்தில் கிடைத்துவிட்டது.

ஜூன் 2, வியாழன்

மத்தியானம் பர்மிஷன் போட்டுவிட்டு வேலூர் போனேன். சாப்பாட்டுப் பையில் அந்த வட்டத் தாளும் இருந்தது. ஏன் எடுத்துப் போனேன் என்று அப்போது தெரியாது.

தனகோட்டி உட்கார்ந்திருந்தார். கைக்கட்டு இன்னும் இருக்கிறது. கண் இருந்த இடத்தில் பஞ்சு. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார்.

"மேடம், நீங்க படிச்சவங்க, உங்கள ஒன்னு கேக்கணும். தொட்டில மொதல்ல தண்ணி இருந்துச்சு, அதுல நான் ஆசிட்ட விட்டேன்னுதான் எனுக்கு நெனப்பு. ஆனா நோட்டீசுலயே போட்டுட்டாங்களாமே. ஆபீஸ்லேர்ந்து வந்த சாரும் அதான் சொன்னாராம். இத்தினி பேரு பொய் சொல்லுவாங்களா? நான்தான் மாத்தி ஊத்திட்டனோ? படுத்துக்கினு ரோசன பண்ணிப் பாத்தா, தண்ணிக் கொழாவ நான் கையில புடிச்சிருந்த மாரியே தோணுது இப்ப."

அவருடைய கண்ணைப் பறித்தார்கள். இப்போது நினைவையும் பறித்துக்கொண்டிருக்கிறார்கள். பக்கத்துக் கட்டில்காரர் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு, "இல்ல, நீங்க மாத்தி ஊத்தல" என்று சொன்னேன்.

தாளை எடுத்து அவர் மடியில் விரித்தேன். கோடு முப்பத்துமூன்றில் தொடங்குகிறது. முதல் கேனுக்கு அறுபத்துமூன்று. இரண்டாவதுக்கு எண்பத்தேழு. மூன்றாவதுக்கு நூற்றைந்து. நான்காவதுக்கு நூற்றுப் பதினெட்டு. நான்கு படி, ஒவ்வொன்றும் முந்தினதைவிடச் சின்னது. தண்ணீரில் ஆசிட் போனால் இப்படித்தான் ஏறும். ஆசிட்டில் தண்ணீர் போயிருந்தால் முதல் ஊற்றிலேயே செங்குத்தாக மேலே போய், தண்ணீர் சேரச் சேர இறங்கியிருக்கும். இதில் இறக்கமே இல்லை. சரியான வரிசையில், சரியான அளவில் ஊற்றியிருக்கிறார், ஐந்தாவது கேனுக்கு முன்பே பொங்கிவிட்டது. தப்பாக இருந்தது கேனுக்குள் இருந்தது மட்டும்தான்.

கட்டுக்கு வெளியே நீண்டிருந்த ஒரு விரல் நுனியால் அந்தப் படிகளை ஒவ்வொன்றாகத் தொட்டார்.

"இது யாரு கையெழுத்து மேடம்?"

"யாரும் எழுதல. பேனா தானா போடுற கோடு."

"அப்ப இத்த மெரட்ட முடியாது" என்றார். அவர் தோள் குலுங்கியது. அமுலு முந்தானையால் அவர் வலது கண்ணை மட்டும் ஒற்றினாள். இடது பக்கம் ஈரம் படக் கூடாதாம்.

ஜூன் 3, வெள்ளி

தொழிற்சாலை ஆய்வாளருக்கு நான்கு பக்கக் கடிதம். கணக்கு, வட்டத் தாள், பத்தொன்பது சீட்டின் தேதிகள். "மேற்கண்ட சீட்டுகளில் சோதனை செய்யாமல் கையெழுத்திட்டது நான்" என்று ஒரு வரி. ஐசக் அதைப் படித்துவிட்டு, அவரே பைக்கில் கூட்டிப்போய் ஆய்வாளர் ஆபீஸ் வாசலில் இறக்கிவிட்டார். நேரில் கொடுத்து முத்திரை வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 7, செவ்வாய்

சஸ்பெண்ட். காரணம்: கம்பெனி ஆவணத்தை வெளியே எடுத்துச் சென்றது. சோதிக்காமல் கையெழுத்துப் போட்டதற்காக அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். அதற்கு யாரும் கோபப்படவில்லை.

ஜூன் 14, செவ்வாய்

விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். ஆய்வாளர் ஒரு அம்மா, சின்ன வயது. காலில் பூட்ஸ் போட்டுக்கொண்டு மேடையில் ஏறிப் பார்த்தார். தாளை அரைமணி நேரம் வைத்திருந்தார். "தொழிலாளி வரிசையை மாத்தல, இது தெளிவா இருக்கு" என்று எல்லோர் முன்பும் சொன்னார். நெஞ்சு குளிர்ந்தது.

பிறகு ரகோத்தமன் பேசினார். வெளியிலிருந்து எழுபதுதான் வாங்கினோம், பதினெட்டு நாள் சரியாகத்தான் போனது, ஒன்பதாம் தேதி மட்டும் ஸ்டோரில் லோடு ஆட்கள் கேனை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள், நிர்வாகத்துக்குத் தெரியாது. ஒரு பில்லும் காட்டினார். பச்சைப் பொய். முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை.

வரதனைக் கூப்பிட்டார்கள். பாதி கேன்தான் விடச் சொன்னார்களா என்று கேட்டார் அந்த அம்மா. வரதன் தரையைப் பார்த்துக்கொண்டு, "நியாபகம் இல்லீங்க" என்றார். அவர் பிழைப்பும் காண்ட்ராக்டில்தான் இருக்கிறது.

"மேடம், தொண்ணூத்தெட்டுதான் போகுதுன்னு மேனேஜருக்குத் தெரியும்னு நீங்க சொல்ல முடியுமா?" என்று அந்த அம்மா என்னிடம் கேட்டார்.

"நான் டெஸ்ட் பண்ணலங்க" என்றேன். "என்கிட்ட ஆதாரம் இல்ல."

ரகோத்தமன் என்னைப் பார்த்தார். நன்றி சொல்வதைப் போல ஒரு பார்வை. அருவருப்பாக இருந்தது. வீட்டுக்கு வந்து குளித்தேன்.

ஜூன் 29, புதன்

அறிக்கை வந்துவிட்டது. தனகோட்டி மேல் தவறில்லை. ஸ்டோரில் லோடு ஆட்கள் கையில் கேன் மாறியதே காரணம். மாற்றிய ஆள் யாரென்று உறுதியாகவில்லை. நிர்வாகத்துக்கு எச்சரிக்கை. கெமிஸ்ட் கடமை தவறினார், துறை நடவடிக்கை.

அவ்வளவுதான். பத்தொன்பது நாள் பச்சை ஆசிட்டை மனிதர்கள் தலைக்குமேல் ஏற்றியதற்கு ஒரு எச்சரிக்கை. சமையலறையில் நின்றுகொண்டே சோற்றை மென்றேன், ருசி தெரியவில்லை.

ஜூலை 10, ஞாயிறு

காலை பத்தரைக்கு அவர்கள் இரண்டு பேரும் வந்தார்கள். தனகோட்டி கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். முன்கை தோல் இறுகிச் சுருங்கி, விரல்கள் முழுதாக மடங்கவில்லை. அமுலு ஒரு பை நிறைய நாவல்பழம் கொண்டுவந்திருந்தாள். ஐசக் டீ போட உள்ளே போனார்.

"என் மேல தப்பு இல்லன்னு காயிதம் வந்துச்சு மேடம். உங்களாலதான். உங்க வேல போச்சுன்னு கேள்விப்பட்டதிலிருந்து மனசு கேக்கல. ஒன்னுதான் மேடம் ஒறுத்துக்கினே கீது. கேன மாத்துனது லோடு ஆளுங்கன்னு போட்டுக்கீது. அன்னிக்கி லோடுல இருந்தது மூனே பேரு. ஏழு வருசமா ஒன்னா துன்னவங்க நாங்க. யாரு மாத்தியிருப்பான்னு ரோசன பண்ணிப் பண்ணி, அவனுங்க வூட்டாண்ட வந்தாகூட நான் பேசறதில்ல. ஒருத்தன் போன வாரம் வாசல்லயே நின்னு அழுதுட்டுப் போனான். எனுக்கு அப்பக்கூட எறங்கி வர மனசு வல்ல."

அமுலு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். வராந்தாவில் கேட்ட கேள்வியை மறுபடி கேட்கவில்லை. அவர்தான் கேட்டார், எனக்கு ஒரு வழி விட்டுக் கொடுக்கிற மாதிரி.

"கேன் மாறிப்போனது உங்களுக்கும் தெரியாதுதானே மேடம்? தெரிஞ்சிருந்தா சொல்லியிருப்பீங்க."

இந்த டைரியில்கூட நான் எழுதாத ஒன்று இருக்கிறது. அதை அவரிடம் சொன்னேன்.

"கேன் மாறல. எல்லா நாளும் அதேதான் போச்சு. எனக்கு முதல் நாளே தெரியும். அன்னிக்கு மட்டும் டெஸ்ட் பண்ணேன். தொண்ணூத்தேழு புள்ளி ஆறு வந்துது. மேனேஜர்கிட்டப் போய்ச் சொன்னேன். 'ரெண்டு நாள் பொறுங்க மேடம், பம்ப் வந்துரும், வரதனுக்குச் சொல்லி வச்சிருக்கேன்'னாரு. நான் நோட்டுல எழுதியிருந்த பக்கத்தக் கிழிச்சுப் போட்டுட்டு, சீட்டுல எழுபதுன்னு எழுதினேன். மறுநாள்லேர்ந்து டெஸ்ட் பண்றத நிறுத்திட்டேன். பண்ணா மறுபடியும் அதே நம்பர் வருமே."

ஐசக் டீ தட்டோடு கதவருகில் நின்றுவிட்டார். அவருக்கும் இது தெரியாது.

தனகோட்டி கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். மூடித் தைத்த இமையை இன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

"விசாரணைல ஏன் சொல்லல?" என்றாள் அமுலு.

"அவருக்குத் தெரியும்னு சொன்னா, எனக்குத் தெரியும்னும் சொல்லணும்."

இரண்டு மாதமாக மேனேஜரையும் ஹெட் ஆபீஸையும் நோட்டீஸையும் திட்டி இத்தனை பக்கம் எழுதியிருக்கிறேன். அந்தக் கோபம் எதிலும் பொய்யில்லை. ஆனால் இந்த ஒரு வரியைத் தொடாமலிருக்கத்தான் அவ்வளவும் எழுதினேன் என்று அப்போது புரிந்தது.

அமுலு நாவல்பழப் பையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். எழுந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"எழுது" என்றாள். அதுவரை மேடம் என்று கூப்பிட்டவள். "இப்ப சொன்னத அப்படியே எழுது. இப்பவே. நான் குந்திக்கினு இருக்கேன்."

ஐசக் தட்டை வைத்துவிட்டுத் தாளும் பேனாவும் எடுத்து வந்தார். எழுதினேன். முக்கால் பக்கம்தான் வந்தது. போன தடவை நான்கு பக்கம் எழுதியிருந்தேன். கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, அமுலுவிடம் நீட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது. தனகோட்டியிடம் கொடுத்தாள். நாளைக்கு ஆய்வாளர் ஆபீஸுக்கு அவர்களே என்னோடு வருகிறார்களாம்.

தனகோட்டி தாளை வலது கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி, சத்தமாகப் படித்தார். நடுவில் எண் வந்த இடத்தில் நின்று, சரியாகப் படித்தோமா என்று என்னைக் கேட்டார்.

"தொண்ணூத்தேழு புள்ளி ஆறு. இதான?"

"ஆமா. அதான்."

மேலே படித்தார். முடிகிற வரை யாரும் டீயைத் தொடவில்லை. முடித்ததும் தாளை நான்காக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, "அந்த மூனு பேரு வூட்டுக்கும் போவணும் இப்ப" என்று அமுலுவிடம் சொல்லிவிட்டு எழுந்தார்.